பகுத்தறிவுக்காரருக்குப் பூக் கேட்ட கதை

என் வீட்டுக்காரர் சாமி கும்பிட மாட்டார். கும்பிட மாட்டேன் என்று ஊரறியச் சொல்லித்தான் அரசியலுக்கே வந்தார், கட்சி அப்படி. கோயில் விசேஷத்துக்கு அழைத்தால் எம்.எல்.ஏ. என்ற முறையில் போவார், சால்வை போர்த்தினால் போர்த்திக்கொள்வார், கற்பூரத் தட்டு வரும்போது மட்டும் யாரையோ தேடுவது போலத் திரும்பிக்கொள்வார். திருநீறு கொடுத்தால் மறுக்காமல் வாங்கி, அப்படியே என் கையில் கொட்டிவிடுவார். அவர் பங்கையும் சேர்த்துப் பூசிப் பூசி, தொகுதியிலேயே அதிகம் வெளுத்த நெற்றி என்னுடையதாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதர், ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னாலும் என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார்.

"அம்மணி, அம்மன் கோயிலுக்குப் போயி பூக் கேட்டுப்போட்டு வந்துரலாமா?"

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதானாலும், கிணறு வெட்டுவதானாலும், வழக்குப் போடுவதானாலும் பூக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, பூசாரி அம்மன் காலடியில் கலைத்துப் போடுவார். ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அதைப் பூசாரி அப்படியே கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்.

எங்கள் அம்மன் கோயிலுக்குள் மட்டும் இவர் வர மாட்டார். வெளியே காரில் சாய்ந்துகொண்டு போன் பேசுவது போல் நிற்பார். போனைத் தலைகீழாகக் காதில் வைத்துக்கொண்டு "சரிங்க, சரிங்க" என்று பேசியதை ஒருமுறை நானே பார்த்திருக்கிறேன். நான் வெளியே வந்ததும் எங்கோ பார்த்துக்கொண்டு, "என்னவாம் உங்க சாமி?" என்பார்.

"வெள்ளைங்க."

"அது கெடக்குது, மூடநம்பிக்கை" என்று சொல்லிவிட்டு வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். தேர்தல் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒவ்வொரு முறையும் வெள்ளைதான் வந்தது. ஆனாலும் இரண்டு தேர்தலில் மண்ணைக் கவ்வினார். அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. நிற்கலாமா என்றுதான் அம்மனைக் கேட்டோம், ஜெயிப்போமா என்று கேட்கவில்லையே. இதைக் கேட்டுவிட்டு அவர், "நீ எங்க கட்சிக்குப் பேச்சாளராப் போயிருக்கலாம்" என்றார். நான் போயிருந்தால் இவர் வட்டச் செயலாளர் பதவியோடு நின்றிருப்பார் என்று பதில் சொன்னேன். அது விளையாட்டுக்குச் சொன்னது இல்லை.

எங்களுடையது தனித்தொகுதி. நாங்கள் இருவரும் தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளைகள். நான் நர்ஸுக்குப் படித்து அரசு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனேன். அவர் உடுமலைப்பேட்டையில் ஒரு கொப்பரைக் களத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மட்டை உரிக்கிறவர்களுக்காகக் களத்துக்காரர்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வாய் கட்சிக்குப் பிடித்துப்போய்விட்டது. முதல் முறை சீட்டுக் கொடுத்தபோது அவரிடம் இருந்தது துவைத்து மாற்றிக் கட்ட இரண்டு வெள்ளை வேட்டியும் என் சம்பளமும்தான்.

அந்த முதல் தேர்தலில் ஓட்டுக் கேட்டுப் போன சில தோட்டத்து வீடுகளில் நாற்காலி வரும், தண்ணீர் வராது. இவரும் தாகமே இல்லாதவர் மாதிரி சிரித்துப் பேசிவிட்டு வந்து, வேனில் ஏறி ஒரு குடம் தண்ணீரைக் குடிப்பார். ஜெயித்த பிறகு அதே வீடுகளில் காபி வந்தது. அப்புறம் பலகாரம் வந்தது. இப்போது கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்து, "ஏனுங்க, இன்னொரு ஒப்பிட்டு வெச்சுக்கோங்க" என்று பெரியவர்களே பக்கத்தில் நின்று பரிமாறுகிறார்கள். இவருக்கு வருகிற ஆனந்தத்தில் இரண்டாவது போளியையும் தின்பார், மூன்றாவதையும் தின்பார். முகூர்த்த நாளில் இப்படி எத்தனை மண்டபமோ. தொகுதி மக்களின் அன்பெல்லாம் கடைசியில் சர்க்கரை வியாதியாக என் சமையலறைக்குத்தான் வந்து சேர்ந்தது.

ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருந்தது. விடிந்தால் வாசலில் கூட்டம் நிற்கும். பட்டா மாறவில்லை என்பார் ஒருவர், மருமகள் சோறு போடுவதில்லை என்பார் இன்னொருவர். எல்லோருக்கும் இவர் சொல்வது ஒரே சொல், "பாக்கலாம்." அந்த ஒரு சொல்லில் எத்தனையோ ரகம் உண்டு. தலையை ஆட்டிக்கொண்டு சொன்னால் வேலை நடக்கும். மீசையைத் தடவிக்கொண்டு சொன்னால் நடக்காது. மனுக் கொடுத்தவர்கள் வெளியே வந்ததும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள், "அம்மா, ஐயா தலையை ஆட்டுனாருங்களா, மீசையைத் தடவுனாருங்களா?"

ஒருமுறை கொப்பரை விலைக்காகச் சட்டசபையில் மேசையைத் தட்டிப் பேசினார். அது டிவியில் வந்த நேரம் நான் பிரசவ வார்டில் டூட்டியில் இருந்தேன். வலி எடுத்துக் கிடந்த ஒரு பெண் டிவியைப் பார்த்துவிட்டு, "ஏனுங் சிஸ்டர், வலி எனக்கு, உங்கூட்டுக்காரரு எதுக்குங்க இந்தக் கத்துக் கத்தறாரு?" என்று கேட்டாள். வார்டே சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரித்த சூட்டோடு பிள்ளையும் பிறந்துவிட்டது. இதை அவரிடம் சொன்னதிலிருந்து, சட்டசபையில் தான் பேசினால் சுகப்பிரசவம் ஆகும் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன தேர்தலில்தான் என் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. நல்ல வெயிலில், ஒரு மாட்டுச் சந்தையில் வேன் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் இரண்டு கையையும் கூப்பினார், முழங்கால் மடிந்தது, அப்படியே முகம் குப்புறச் சாய்ந்தார். மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிறார் என்று நினைத்துச் சந்தையே கை தட்டியது. விசில்கூட அடித்தார்கள். நான் வேனுக்குக் கீழே நின்றிருந்தேன். கும்பிடுகிற உடம்புக்கும் விழுகிற உடம்புக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்கினேன்? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன்.

கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பத்திரிகைக்காரர்களிடம் "வெயில்தாங்க" என்று சொல்லிவிட்டார். படுக்கையில் இருந்தபடியே ஜெயித்தும் விட்டார். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே வேன் மேல ஏறக் கூடாதும்மா. ஏறுனா அடுத்த தடவை இவ்வளவு தூரம் கொண்டுவர நேரம் இருக்காது" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். இன்னொரு தேர்தல் வந்தால் இந்த மனுஷன் எனக்கு மிஞ்ச மாட்டார்.

இந்த முறை தேர்தல் நெருங்கியதும் தலைமையிலிருந்து போன் வந்தது. சீட்டு உங்களுக்குத்தான், சாயங்காலத்துக்குள் சம்மதம் சொல்லுங்கள் என்றார்கள். நான் சாப்பாடு பரிமாறிக்கொண்டே, "வேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்றேன். மீசையைத் தடவிக்கொண்டு, "பாக்கலாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் இலையில் ஊற்றினேன்.

அவர் நிலைமையும் எனக்குப் புரியாமல் இல்லை. வாசலில் கட்சிக்காரர்கள் குடும்பத்தோடு வந்து நின்றார்கள். இவர் நிற்கவில்லை என்றால் தங்களுக்கு நாதியில்லை என்று பாதிப் பேர் நம்பினார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல இவருக்கு வாய் வராது. நாற்பது வருஷம் அரசியல் செய்தவருக்கு எதிரியிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியும், சொந்த ஆட்களிடம் சொல்லத் தெரியாது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம்தான் வந்தார்.

"அம்மணி, பூக் கேட்டுரலாம். சாமி என்ன சொல்லுதோ அப்படியே பண்ணிப்போடலாம்."

சாமியே இல்லை என்று மேடையில் முழங்கியவர் சாமி மேல் பாரத்தைப் போடுகிறார். எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

தனியாகவா போக முடியும்? முன்னால் இரண்டு கார், பின்னால் பைக்குகள், நடுவில் ஒன்றியச் செயலாளர். அவர் நல்ல மனிதர், ஆனால் காதோரம் ரகசியம் சொன்னாலும் அடுத்த ஊருக்குக் கேட்கும். வரும்போதே ஒரு சாக்குப் பை நிறையப் பட்டாசு வாங்கி வந்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "வெள்ளைதானுங்கம்மா வரும், அம்மன் நம்ம கட்சிங்க" என்றார். என் வீட்டுக்காரர் எப்போதும் போல வெளியே காரில் சாய்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

கோயில் பூசாரி என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன் முறை. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதற்கும் முன்னாலிருந்தே அம்மனுக்குப் பூசை அவர்தான். வழக்கம் போலப் பொட்டலம் இரண்டையும் முன்னாலேயே கட்டித் தயாராக வைத்திருந்தார். அம்மன் காலடியில் போட்டுக் கலைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனையோ தேர்தலுக்கு அந்த இடத்தில் நின்று வெள்ளை கொடு என்று கேட்டவள் அன்றைக்கு, "ஆத்தா, இந்த ஒரே ஒரு தடவை செவப்பு குடு. இனி உன்கிட்ட எதுவும் கேட்க மாட்டேன்" என்று வேண்டினேன். நான் அப்படி வேண்டுவேன் என்று தெரிந்திருந்தால் ஒன்றியச் செயலாளர் என்னைக் கட்சியை விட்டே நீக்கியிருப்பார்.

யாரோ தங்கள் பெண் குழந்தையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். அது யோசிக்கவே இல்லை, கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தது. பூசாரி நூலைப் பிரித்தார்.

வெள்ளை.

"வந்துருச்சு" என்று ஒன்றியச் செயலாளர் போட்ட சத்தத்தில் குழந்தை அழத் தொடங்கியது. வெளியே பட்டாசு வெடித்தது. ஒருவன் அதற்குள் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. அம்மன் மேலேயே கோபம் வந்தது. இத்தனை வருஷம் கும்பிட்டவளுக்கு, கும்பிடாத ஆளுடைய திருநீற்றையும் சேர்த்துப் பூசியவளுக்கு, ஒரு சிவப்புப் பூ கொடுக்க மனசு வரவில்லையா? கொடுக்க மறுத்த அந்தச் சிவப்பையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது.

பூசாரி மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"தம்பி, அதை இங்க குடுங்க."

"பிரிக்கக் கூடாதுங்க அண்ணி. தெய்வக் குத்தமாயிரும்."

"ஆகட்டும். குடுங்க."

ஊசிக்குப் பயந்து ஓடுகிறவர்களை வார்டில் நிறுத்தி வைக்கிற குரல் அது. எனக்கே பல வருஷம் கழித்து வந்தது. அவர் நின்றுவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. பொட்டலத்தை வாங்கி நூலைப் பிய்த்து இலையை விரித்தேன்.

அதிலும் வெள்ளை அரளிதான் இருந்தது.

வெளியே விஷயம் தெரியாமல் பட்டாசு வெடித்துக்கொண்டே இருந்தது. சத்தம் ஓய்ந்தபோது வாசலில் செருப்புக் கழற்றுகிற ஓசை கேட்டுத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் உள்ளே வந்துகொண்டிருந்தார். அந்தக் கோயிலுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே வரக் காணோமே, எனக்கு ஏதோ ஆகி விழுந்துவிட்டேன் என்று நினைத்து வந்தாராம். என் கையையும் தம்பி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னடா இது?"

பூசாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மொதத் தடவை நெசமாலுமே ரெண்டு பூவும் பறிச்சுட்டுத்தாண்ணா வந்தேன். மடிக்கறப்பக் கை வரலை. நம்ம சனத்துல ஒருத்தன் கோட்டைக்குப் போறான். நம்ம அப்பன் பாட்டனெல்லாம் துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ஒவ்வொண்ணையும் அடுத்தவன் வாசல்ல நின்னு கேட்டுக் கேட்டே செத்தாங்க. இதையும் போயி கேக்கோணுமா? ஆத்தா வேண்டாம்னு சொல்லிப்போட்டா நான் யாருகிட்டப் போயி அழுவேன்? அதான் ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுப்போட்டேன். அப்புறம் அதே பழகிப்போச்சு."

அந்த ஆளை அறைவதா, காலில் விழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு துடித்தது. அழப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தார். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்து, நிற்க முடியாமல் அம்மனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப உங்க ஆத்தா ஒரு தடவைகூட எனக்கு உத்தரவே குடுக்கலையாடா?"

"இல்லீங்ண்ணா."

"உத்தரவு இல்லாமயே நான் இத்தனை வருஷம் சட்டசபைக்குப் போயிட்டு வந்தனா?"

"ஆமாங்ண்ணா."

என் பக்கம் திரும்பி, "நாந்தான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் சும்மான்னு" என்றார்.

"ஆத்தா மேல பழி போடாதீங்க. அவளைக் கேட்டாத்தான அவ சொல்லுவா" என்றேன். அதற்கும் சிரித்தார். தம்பியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, தோளில் கை போட்டுக்கொண்டார். பூசாரிக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒன்றியச் செயலாளருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "அண்ணா, அதெல்லாம் கெடக்கட்டுங்ண்ணா. ரெண்டும் வெள்ளைன்னா டபுள் உத்தரவுன்னு வெச்சுக்கலாம். தலைமைக்குச் சொல்லிரலாங்களா?" என்றார்.

பூசாரி எழுந்தார். "வேண்டாங்ண்ணா. பண்ணுன தப்பை நானே சரி பண்ணிப்போடறேன். செவ்வரளி கெணத்தோரத்துலயே பூத்துக் கெடக்குது. இப்பவே உங்க கண்ணு முன்னால ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு கட்டி வெக்கறேன். ஒழுங்கா ஒருக்காக் கேட்டுரலாம்."

எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். நியாயமாகக் கட்டி, நியாயமாகக் கேட்டு, அப்போதும் வெள்ளை வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? பூசாரி செடிப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"இருடா" என்றார் என் வீட்டுக்காரர். தரையில் கையை ஊன்றி எழுந்தார். மேல்மூச்சு வாங்கியது. வேட்டியில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டிவிட்டு என் எதிரில் வந்து நின்றார். "உங்க ஆத்தா கெடக்கட்டும். அம்மணி, நீ சொல்லு. நான் நிக்கட்டுமா, வேண்டாமா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் சேலை நிறம் கேட்டதுண்டு, மாத்திரை கேட்டதுண்டு, மேடையில் பேசியது எப்படி இருந்தது என்று கேட்டதுண்டு. இதைக் கேட்டதில்லை. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். ஒன்றியச் செயலாளர் கண்ணாலேயே கெஞ்சினார். அவர்களைப் பார்த்தால் எனக்கும் வாய் வராது என்று தெரிந்ததால் இவர் முகத்தை மட்டும் பார்த்தேன்.

"வேண்டாங்க" என்றேன். "எனக்கு நீங்க உசுரோட வேணும்."

அவர் தலையை ஆட்டினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே நின்று தலைமை அலுவலகத்துக்கு அடித்தார். உடம்பு முடியவில்லை என்பார், இல்லையென்றால் இளைஞர்களுக்கு வழி விடுகிறேன் என்பார் என்று நினைத்தேன். அரசியலில் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதில் தப்பும் இல்லை.

"நான்தாங்க பேசறேன். இந்தத் தடவை வேற யாரையாச்சும் போட்டுக்கோங்க. நான் வந்து வேலை செய்யறேன்." எதிர்முனையில் காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. "இல்லீங்க, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. யார் மேலயும் வருத்தமும் இல்லீங்க. எங்கூட்ல கேட்டேன், வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமாங்க, அவ்வளவுதான் காரணம். தலைவருகிட்டயும் அப்படியே சொல்லுங்க."